‘தொடர் கொளுவி’யா, ‘கழலாக் கொளுவி’யா?

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டிய அறிவுறுத்தற் பலகை ஒன்றுக்காக இம்மடலை எழுதுகிறேன். திருகோணமலை நிலாவெளிப் பக்கம் மரங்களுக்கிடையே கயிற்றுப்பாதை அமைத்து மாணவர்களை நடக்கவிடும் பயிற்சிக்கு நான் தமிழில் பாடம் எழுதுகிறேன். கப்பி, உருக்கு வடம், இடுப்புப் பட்டி எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. நடப்பவர் விழாதபடி அவரை வடத்தோடு இணைத்துவைக்கும் முதன்மையான கருவிக்குத்தான் இல்லை.

பழைய முறையில் இடுப்புப் பட்டியிலிருந்து இரண்டு குறுங்கயிறுகள் வரும், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொளுக்கி இருக்கும். ஒரு மரத்தை அடைந்ததும் ஒன்றைக் கழற்றி அடுத்த வடத்தில் கொளுவிய பின்னரே மற்றதைக் கழற்றவேண்டும். களைத்த பிள்ளை இரண்டையும் ஒருசேரக் கழற்றிவிட்டால், அந்தக் கணத்தில் அதைத் தாங்க எதுவுமில்லை. இதற்காகவே ஒன்று பூட்டினாலன்றி மற்றது திறவாத இணைக்கொளுக்கிகள் வந்தன. நாம் பெயர் தேடும் கருவி அதற்கும் அப்பாற்பட்டது. அதன் உடலில் ஓர் ஒடுங்கிய பிளவு உண்டு. வடத்தைத் தாங்கும் மெல்லிய தட்டு அப்பிளவினூடே கடந்துவிடும், வடமோ பிளவை விடத் தடித்ததாகையால் வெளியே வராது. தொடக்கத்தில் பயிற்றுநர் மாட்டுவதை முடிவிடத்தில்தான் கழற்றமுடியும். கயிற்றுப்பாதைகளுக்கான 15567 ஆம் இலக்க ஐரோப்பிய நியமம் கட்டுமானத்தையும் நடத்துகையையும் இரண்டு பாகங்களாக வகுத்துரைக்கிறது; இத்தகைய தனியாள் பாதுகாப்புத் தொகுதிகளுக்கென 2020 இல் 17109 ஆம் நியமம் வந்தது.

முன்னைய மடலில் ‘அந்தாதிக் கொளுவி’ என்ற ஆசிரியை அவர்களின் புலமையை மதிக்கிறேன். ஆயினும் அந்தாதியில் ஒரு பாட்டு முடிந்து, முடிந்த சொல்லிலே அடுத்தது தொடங்குகிறது. முடிவும் தொடக்கமும் சந்திக்கும் அந்த மூட்டுத்தான் இரட்டைக் கொளுக்கியின் ஆபத்தான இடம். புதிய கருவியில் மூட்டே இல்லை. ‘தளை’ என்றாலோ யாப்புப் படித்தவருக்குச் சீர்களின் கட்டு நினைவுக்கு வரும், பிள்ளைகளுக்கு விலங்குதான் நினைவுக்கு வரும்.

ஆகவே ‘கழலாக் கொளுவி’ என்கிறேன். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாதலின் வல்லினம் மிகும். ‘கழண்டு போச்சு’ என்று நாள்தோறும் சொல்லும் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

*

ஐயா,

மூதூரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் காட்டிய இலக்கணமே உங்கள் சொல்லுக்கு எதிராக நிற்கிறது. எதிர்மறைப் பெயரெச்சம் முக்காலத்துக்கும் பொது. ‘கழலா’ என்றால் ஒருபோதும் கழலாது என்று பொருள். ஆனால் முடிவிடத்தில் அது கழற்றப்படுகிறது, இடுப்புப் பட்டியைச் சரியாகக் கட்டாவிட்டால் கருவி வடத்தில் இருந்தும் பிள்ளை காக்கப்படாது. பாதுகாப்புப் பலகையில் மிகையான வாக்குறுதி எழுதலாகாது.

ஆகவே ‘தொடர் கொளுவி’ என்கிறேன். அது வினைத்தொகை. தொடர்ந்த, தொடர்கின்ற, தொடரும் என்று மூன்று காலமும் அதனுள் அடங்கும். இக்கருவியின் இயல்பும் அதுவே. ‘தொடர்’ என்பதற்குச் சங்கிலி என்ற பழம்பொருளும் உண்டு. அதைக் கொண்டு பெயர்ச்சொல்லாக்கி வல்லினம் மிகுவிப்போமா என்றுகூட ஒருநாள் முழுதும் எண்ணிப் பார்த்தேன். ‘உடும்புப்பிடி’யும் மனத்தில் வந்தது. உடும்பின் இடுப்பில் கயிறு கட்டிக் கோட்டைமதில் ஏறிய கதைகளை யார் கேட்டிருக்கமாட்டார்? ஆனால் உடும்பு ஓரிடத்தில் பற்றினால் நகராது, இக்கருவி நகர்ந்துகொண்டே பற்றவேண்டும்.

*

அன்புள்ள மூதூர் நண்பருக்கும் ஏனையோர்க்கும்,

‘கொளுவி’ தமிழகத்தாருக்குப் புரியாது, ‘பிணைப்பான்’ என்று வைக்கவேண்டும் என்று சென்னை அன்பர் எழுதியிருக்கிறார். கொள் என்னும் வினையிலிருந்து கொள்ளச்செய்தல் என்ற பொருளில் வந்த கொளுவுதல் தூய தமிழ்ச்சொல். சட்டையை ஆணியில் கொளுவும் எவருக்கும் இங்கே அது தெரியும். பலகை நிற்கப்போவது திருகோணமலையில். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

மிகையான வாக்குறுதி பற்றிய கண்டிப்பை ஏற்கிறேன். மறுமொழி எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘தொடர் கொளுவி’ பக்கம் நிற்பதால் பலகையில் அதுவே அச்சேறும். எனினும் ‘தொடர்’ என்று படிக்கும் பிள்ளைக்கு நடை தொடர்வதாகத்தான் தோன்றும், பிடி விடாமலிருப்பது தோன்றாது என்ற குறை எனக்குத் தீரவில்லை. அதனால் பயிற்றுநர் பாடத்தில் பெயருக்குக் கீழே ‘இடைவழியில் கழலாதது, தொடக்கத்தில் பட்டியையும் கொளுவியையும் பயிற்றுநர் இழுத்துப் பார்த்தபின்னரே ஏறவிடுக’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அந்த வரியில் பிழையிருந்தால் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.