வன்பொருள் விவரிப்பு மொழியின் பொருளை எதன்மேல் நிறுத்துவது: நிகழ்வின் மேலா, கிளாக்கின் மேலா?

கேள்வி:
வன்பொருளை விவரிக்க ஒரு சிறிய மொழியை வடிவமைத்து வருகிறேன். இலக்கணமும் பார்சரும் முடிந்துவிட்டன. ஒவ்வொரு கூற்றுக்கும் என்ன பொருள் என்று வரையறுக்கும் இடத்தில் தயங்கி நிற்கிறேன். வெரிலாக் என்ற வன்பொருள் விவரிப்பு மொழியைப் போல, ஒரு சிக்னல் மாறும்போதெல்லாம் அதைச் சார்ந்த பகுதிகள் இயங்கும் என்று வைப்பதா, அல்லது சுற்றுக்குத் தாளம் தரும் சிக்னலான கிளாக்கின் ஒவ்வொரு துடிப்பிலும், மதிப்பைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்டர்கள் எல்லாம் ஒருசேரப் புதிய மதிப்பை ஏற்கும் என்பதோடு நிறுத்திக்கொள்வதா?

மறுமொழி 1:
இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். வெரிலாக் 1980-களில் சிமுலேஷனுக்காக, அதாவது சுற்றின் நடத்தையைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதற்காகப் பிறந்த மொழி. அதிலிருந்து சுற்றைத் தயாரிக்கும் சிந்தஸிஸ் பிறகுதான் வந்து சேர்ந்தது. அந்தப் பிறப்பின் தழும்பு இன்றும் தெரிகிறது. ஒரே கிளாக்கில் இயங்கும் இரண்டு ஆல்வேஸ் பிளாக்குகளில் (குறித்த சிக்னல் மாறும்போதெல்லாம் இயங்கும் நிரல் பகுதிகளில்), ஒன்றில் 'a = b;' என்றும் மற்றொன்றில் 'b = a;' என்றும் எழுதிப் பாருங்கள். எந்த பிளாக் முதலில் இயங்கும் என்பதைத் தரநிலை வரையறுக்கவில்லை. ஆகவே இரண்டிலும் பழைய b நிற்கலாம், பழைய a-வும் நிற்கலாம். பழைய மதிப்புகளைப் படித்த பின்பே புதியதை ஏற்றும் '<=' என்ற குறியை எழுதினால்தான் மதிப்புகள் இடம் மாறும். ஒரு குறியீட்டின் வேறுபாட்டால் வேறு சுற்று விளையும் நிலையை, எழுதுபவரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவது நியாயமாகாது; அது மொழியின் குறை.

லாட்சும் (கிளாக் துடிப்புக்குக் காத்திராமல் பழைய மதிப்பைப் பிடித்து வைக்கும் உறுப்பு) அப்படித்தான். கிளாக் இல்லாத பிளாக்கில் 'இஃப்' எழுதி 'எல்ஸ்' எழுத மறந்தால், கேட்காமலேயே ஒரு லாட்ச் முளைத்துவிடுகிறது. சிசெல் என்ற வன்பொருள் மொழி அதே இடத்தில், வயருக்கு (சேமிப்பு இல்லாத இணைப்புக்கு) முழுமையாக மதிப்பு தரப்படவில்லை என்று பிழை காட்டி நிறுத்திவிடுகிறது. உங்கள் மொழியும் அப்படியே மறுக்கட்டும்.

மறுமொழி 2:
உடன்படுகிறேன்; ஆனால் கிளாக் ஒன்றே ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். கிளாஷ் என்ற வன்பொருள் மொழியில் ஒரு சிக்னல் எந்தக் கிளாக்குக்கு உரியது என்பது அதன் டைப்பிலேயே இருப்பதால், இரு வேறு கிளாக்குகளின் சிக்னல்களை நேரடியாகக் கூட்ட முயன்றால் கம்பைலரே தடுத்துவிடும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ரெஜிஸ்டர் இடையில் இல்லாமல் ஒரு சிக்னல் தன்னையே சார்ந்திருந்தால் என்ன செய்வது?

மறுமொழி 1:
மறுத்துவிடுங்கள். கிளாக் துடிப்பைப் போன்ற படிகளாக இயங்கும் எஸ்டெரெல் போன்ற மொழிகள் அத்தகைய சுழல்களில் சிலவற்றை ஏற்றுப் பொருள் தருகின்றன. தொடக்கத்தில் அந்தச் சுமை உங்களுக்கு வேண்டாம். ஆனால் சோதனையைப் பெயர் அளவில் செய்யாமல் பிட் அளவில் செய்யுங்கள். 4 பிட் கூட்டல் சுற்றில் c[1] என்ற கேரி (அடுத்த பிட்டுக்குச் செல்லும் மீதி) c[0]-வைச் சார்ந்தது, c[2] என்பது c[1]-ஐச் சார்ந்தது; பெயரை மட்டும் பார்த்தால், c தன்னையே சார்ந்திருப்பதாகக் கருதி, சரியான அந்தச் சுற்றை உங்கள் கம்பைலர் நிராகரித்துவிடும்.