சிம்னி அடைபட்ட பழைய வீட்டில் கேஸ் ஃபயர் வைக்கலாமா?

பழையவீடு:
நூறு வயதைத் தாண்டிய வீடு. ஹாலில் கணப்பு இருந்த குழி அப்படியே இருக்கிறது. ஆனால் முன்பு இருந்தவர்கள் சிம்னியைக் கூரைக்கு மேலே இடித்துவிட்டு ஓடு போட்டு மூடிவிட்டார்கள், உள்ளே கையை விட்டால் செங்கல் தூளும் காய்ந்த குருவிக்கூடும்தான் வருகிறது. அங்கே ஒரு கேஸ் ஃபயர், அதாவது கேஸில் எரியும் ஹீட்டர், வைக்க ஆசை. கடையில் கேட்டால், சிம்னியே வேண்டாத மாடல் இருக்கிறது, மாட்டினால் போதும் என்கிறார்கள். அப்படியானால் புகை எங்கேதான் போகும்?

ஈரச்சுவர்:
எங்கேயும் போகாது, உங்களோடு ஹாலிலேயே உட்கார்ந்திருக்கும்! அந்த மாடல்தான் நான் வைத்திருந்தேன். உள்ளே இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடும், சரி, ஆனால் கேஸ் எரிந்தால் வரும் நீராவியை அது ஒன்றும் செய்யாது. 3 கிலோவாட் ஃபயர் ஒரு மணி நேரம் எரிந்தால் கிட்டத்தட்ட அரை லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. முதல் குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொண்டே இருந்தேன். அடுத்த வருடம் அலமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்சுவர் முழுக்கக் கரும்பூஞ்சை. போதாததற்கு, சுவரில் மூடவே முடியாத காற்றுத் துளை ஒன்றும் போடச் சொல்வார்கள், சூடு பாதி அதன் வழியாகவே போய்விடும்.

குழாய்வேலை:
இந்த வேலைதான் செய்கிறேன். முதலில் ஒன்று சொல்லுங்கள், அந்தக் கணப்புக்குப் பின்னால் இருப்பது வெளிச்சுவரா? வெளிச்சுவர் என்றால் பேலன்ஸ்டு ஃப்ளூ மாடல் பாருங்கள். குழாய்க்குள் குழாய், உள்குழாய் வழியாகப் புகை வெளியே போகும், அதைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக எரியத் தேவையான காற்று வெளியிலிருந்தே வரும். முன்பக்கம் கண்ணாடி போட்டு மூடியிருப்பதால் வீட்டுக் காற்றை அது தொடுவதே இல்லை.

உள்சுவர் என்றால் விசிறி வைத்துப் புகையைத் தள்ளும் மாடல் உண்டு, கரண்ட் போனால் ஃபயரும் நின்றுவிடும். இல்லையா, மேலே இடித்ததைத் திரும்பக் கட்டி, உள்ளே ஸ்டீல் லைனர், அதாவது புகை போகும் உலோகக் குழாய், இறக்க வேண்டும். செலவு அதில்தான் அதிகம். அதற்குப் பிறகும் புகை விட்டுச் சோதித்துப் பார்க்காமல் பற்ற வைக்கக் கூடாது. பழைய சிம்னியில் விரிசல் இருந்து, கீழே விட்ட புகை மாடிப் படுக்கையறையில் கசிந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பழையவீடு:
வெளிச்சுவர்தான்! ஆனால் கல் சுவர், ஒன்றரை அடி கனம். நேர் மேலே மாடி ஜன்னல் வேறு இருக்கிறது.

குழாய்வேலை:
கனம் பிரச்சினை இல்லை, டிரில் போட நேரமாகும், அவ்வளவுதான். குழாய் எட்டுமா என்று மட்டும் அந்த மாடலின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல்தான் இடிக்கிறது. குழாயின் வாய்க்கும் திறக்கும் ஜன்னலுக்கும் இவ்வளவு தூரம் வேண்டும் என்று கையேட்டிலும் விதியிலும் இருக்கும், அதை அளக்காமல் வாங்கிவிடாதீர்கள். மாட்டுவதும் உரிமம் உள்ள ஆள்தான், நீங்களே முயற்சிக்க வேண்டாம்.

குளிர்தாங்கி:
எதை வைத்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிவிடுங்கள். அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. நீலமாக எரிய வேண்டிய இடத்தில் தீ மஞ்சளாகி, கண்ணாடியில் கரி படிந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அலங்கார மாடல்களில் தீயே மஞ்சள்தான், அங்கே கரியைக் கவனியுங்கள்.

பழையவீடு:
டேப் வைத்து அளந்தேன், ஜன்னல் நேர் மேலே இல்லை, கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. ஆளை வரச் சொல்லியிருக்கிறேன், குருவிக்கூட்டை இன்னும் எடுக்கவில்லை.