முதல் ப்ரோகிரசிவ் பிரஸ்: கையால் சுழற்றுவதா, தானே சுழல்வதா?

சனிக்கிழமைப்போட்டி:

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில் வசிக்கிறேன். வீட்டுக் கராஜில் ஒற்றை நிலை பிரஸ் (ஒரு இழுப்பில் ஒரு வேலை மட்டும் செய்யும் கருவி) ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகளாக 9 மி.மீ. தோட்டாக்களை நானே ரீலோடு செய்து வருகிறேன், அதாவது சுட்ட பித்தளைக் கூட்டில் பிரைமர் எனும் தீமூட்டி, பவுடர், குண்டு ஆகியவற்றைப் புதிதாக வைத்து மீண்டும் தோட்டாவாக்குகிறேன். இப்போது மாதம் இரண்டு யூஎஸ்பிஎஸ்ஏ துப்பாக்கிச் சுடும் போட்டிகளும் வாரம் ஒரு பயிற்சியும் சேர்ந்துவிட்டதால், வாரத்துக்கு ஏறக்குறைய 300 தோட்டாக்கள் தேவைப்படுகின்றன. ஒரே கூட்டை நான்கு தடவை கையில் எடுத்து வைக்கும் இந்த முறையில் வாரத்தில் இரண்டு மாலைப்பொழுதுகள் முழுவதும் கரைந்துவிடுகின்றன. எப்போதாவது .38 ஸ்பெஷல் ரிவால்வர் தோட்டாவும் செய்வேன், பின்னாளில் .223 ரைஃபிள் தோட்டா செய்யவும் எண்ணம் உண்டு.

டில்லன் 550, டில்லன் எக்ஸ்எல் 750, ஹார்னடி லாக்-என்-லோட் ஏபி ஆகிய மூன்று ப்ரோகிரசிவ் பிரஸ்களில் (ஒவ்வொரு இழுப்பிலும் பல கூடுகளில் வெவ்வேறு வேலைகளைச் செய்பவை) ஒன்றை வாங்கலாம் என்றிருக்கிறேன். 550-இல் ஷெல் பிளேட்டை (கூடுகளைத் தாங்கும் வட்டத் தட்டை) கையால் சுழற்ற வேண்டும், மற்ற இரண்டிலும் அது தானே சுழலும். புதிதாகத் தொடங்குபவருக்குக் கையால் சுழற்றுவதே பாதுகாப்பு என்று சிலரும், அதுவே ஆபத்து என்று சிலரும் சொல்கிறார்கள். எது சரி?

பழையமேசை:

இரு சாராரும் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அவர்கள் அஞ்சுவது வெவ்வேறு தவறுகளுக்கு. 550-இல் கவனம் சிதறி, தட்டைச் சுழற்றாமலேயே கைப்பிடியை இரண்டாம் முறை இழுத்துவிட்டால் ஒரே கூட்டில் இரண்டு அளவு பவுடர் விழும். தானே சுழலும் பிரஸ்ஸில் இந்தத் தவறு எளிதில் நேராது. மாறாக அதில் ஒரு பிரைமர் சிக்கிக்கொண்டு, பாதி இழுப்பில் நிறுத்தி, அதைச் சரிசெய்துவிட்டு மீண்டும் தொடங்கும்போது எந்தக் கூட்டில் பவுடர் விழுந்தது, எதில் விழவில்லை என்பது உங்கள் நினைவைவிட்டுப் போய்விடும். கையால் சுழற்றும் பிரஸ்ஸில் அப்படியே நிறுத்தி, பின்னோக்கித் திருப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

என் பார்வையில் சுழற்சியைவிட முக்கியமானது நிலைகளின் எண்ணிக்கை. 550-இல் நான்கு நிலைகள்: கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து புதிய பிரைமர் பொருத்துவது, பவுடர், குண்டை அமர்த்துவது, கிரிம்ப் (கூட்டின் வாயைக் குண்டைச் சுற்றி அழுத்துவது). இதில் பவுடர் அளவைச் சோதிக்கும் டைக்கு (நிலையில் திருகிப் பொருத்தும் கருவிக்கு) தனி இடம் கிடையாது. 750-இலும் ஹார்னடியிலும் ஐந்து நிலைகள் இருப்பதால், பவுடருக்கும் குண்டுக்கும் நடுவே அந்தச் சோதனை டையை வைத்துக்கொள்ளலாம். டில்லனின் சோதனைக் கருவி அளவு தவறினால் ஒலியெழுப்பும். ஹார்னடியின் கருவியில் ஒரு கம்பி உயர்ந்து நிற்பதை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

எதை வாங்கினாலும் ஒரு சிறிய எல்இடி விளக்கைத் தட்டுக்கு நேர் மேலே பொருத்துங்கள். குண்டை வைக்கும் ஒவ்வொரு முறையும் கூட்டுக்குள் பவுடரின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதோடு, உங்கள் கையேட்டில் உள்ள பவுடர்களில் கூட்டைப் பாதிக்கு மேல் நிரப்பும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், தவறி இரண்டு அளவு விழும்போது அது வழிந்து தன்னையே காட்டிக்கொடுத்துவிடும்.

பித்தளைக்கூடு:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். எத்தனை வகைத் தோட்டாக்கள் செய்யப்போகிறீர்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன மூன்றுக்கும் சிறிய அளவு பிரைமர்தான் பொருந்தும் என்பதால் (.223-க்கு மட்டும் ரைஃபிள் வகை), பிரைமர் பொருத்தும் பகுதியைக் கழற்றி மாற்றும் தொல்லை உங்களுக்கு இல்லை. ஷெல் பிளேட், பவுடர் புனல், சில சிறு பாகங்கள் ஆகியவை மட்டுமே மாறும். 750-இல் கூடுகளை ஊட்டும் பகுதியும் சேர்ந்து மாறுவதால், ஒவ்வொரு வகைக்கும் ஆகும் செலவு 550-ஐவிடக் கூடும்.

.223-க்காக இப்போதுள்ள ஒற்றை நிலை பிரஸ்ஸை விற்றுவிடாதீர்கள். அந்தக் கூடுகளுக்கு எண்ணெய் பூச வேண்டும், அளவுக்குக் கொண்டுவந்த பின் நீளத்தைச் சரிபார்த்து வெட்ட வேண்டும். ராணுவக் கூடாக இருந்தால் பிரைமர் குழியைச் சுற்றியுள்ள கிரிம்பையும் (பிரைமர் கழலாதபடி அழுத்திய விளிம்பையும்) நீக்க வேண்டும். ஆகவே ஒரே இழுப்பில் ஒரு தோட்டா என்னும் வசதி அங்கே பெரிதாகக் கைகொடுக்காது. வாரம் 300 என்பது 550-இலேயே நிதானமாக ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற வேலை.

ஈயக்கை:

பிரைமர் சிக்கிய பின் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். ஒரு மாலை சிக்கலை நீக்கிவிட்டு, தட்டில் இருந்த கூடுகளை எடுத்துப் பார்க்காமல் அப்படியே வேலையைத் தொடர்ந்தேன். அடுத்த வாரம் சுடுதளத்தில் ஒரு தோட்டா வழக்கமான சத்தமின்றி ‘டப்’ என்று மட்டும் ஒலித்தது. துப்பாக்கியைக் காலி செய்து கழற்றிப் பார்த்தபோது குழலின் நடுவே குண்டு அடைத்துக்கொண்டு நின்றது. பவுடரே இல்லாத கூடு அது. பிரைமரின் விசை குண்டை அவ்வளவு தூரம் தள்ளியிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் பழுதாகியிருக்கும், என் கையும் தப்பியிருக்காது.

அன்று முதல், எந்தக் காரணத்துக்காக நிறுத்தினாலும் தட்டில் உள்ள எல்லாக் கூடுகளையும் எடுத்துப் பவுடரைக் கொட்டிவிட்டே மீண்டும் தொடங்குகிறேன். மேசையில் ஒரு வகைப் பவுடர் டப்பா மட்டுமே இருக்கும். பயன்படுத்திய பிரைமரில் ஈயத்தூள் இருப்பதால், கூடுகளைச் சுத்தம் செய்வதை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளைத் தொடுவதற்கு முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். சேமிப்பைப் பொறுத்தவரை, என்எஃப்பிஏ 495 என்னும் அமெரிக்கத் தீத்தடுப்பு விதிப்படி வீட்டில் மூல டப்பாக்களிலேயே 20 பவுண்டு பவுடரும் 10,000 பிரைமர்களும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் நகரத்தின் தீயணைப்பு விதி இதைவிடக் கடுமையாக இருக்கக்கூடும், கேட்டுக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைப்போட்டி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்தாம் நிலையும் ஒலியெழுப்பும் சோதனைக் கருவியும் வேண்டும் என்பதால் 750-ஐ வாங்க முடிவு செய்துவிட்டேன். மின்சாரத்தில் இயங்கும் கூடு ஊட்டியை இப்போதைக்கு வாங்கவில்லை, குழாயில் கையாலேயே நிரப்பிக்கொள்கிறேன். பழைய பிரஸ் .223-க்காக மேசையின் மறுமுனையில் இருக்கும். முதல் மாதம் 9 மி.மீ. மட்டும்தான், அதையும் 50 கூடுகளுக்கு 50 பிரைமர்கள் என்று எண்ணி வைத்துச் செய்யப்போகிறேன்.