கத்திரி வெயிலில் குழந்தைகளை வெளியே விளையாட விட்டபோது உங்களுக்கு நடந்தது என்ன?

மாம்பழத்தெரு (அம்மாப்பேட்டை)

போன வாரம் நடந்தது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பையனுக்கு ஒன்றேமுக்கால் வயது. சாயங்காலம் ஐந்து மணி, மொட்டை மாடியில் நிழல் இறங்கிவிட்டது. துணி ஊறவைக்கிற நீலத் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ரெண்டு டம்ளரும் ஒரு வடிகட்டியும் போட்டுவிட்டால் இந்த வயதுப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் அசையாது. உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதானே.

தண்ணீர் பிடிக்கிற டியூப் காலையிலிருந்து வெயிலில் தரையில் கிடந்திருக்கிறது. அதற்குள் தேங்கி நின்ற தண்ணீர்தான் முதலில் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குழாயைத் திறந்தேன். அவன் ஆசையாகக் கையை நீட்டிவிட்டான். காபிக்கு வைத்த தண்ணீர் மாதிரி இருந்திருக்கிறது அது.

அவன் அழவில்லை. கையை வெடுக்கென்று இழுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். நான்தான் அப்படிச் செய்தேன் என்று நினைத்தானோ என்னவோ. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். தரைத் தொட்டியிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும், அதில் இருபது நிமிஷம் கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். மாமியார் பதறிப்போய்ப் பற்பசையை எடுத்து வந்தார். "வேண்டாங்கத்தை, தண்ணி மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டேன். டாக்டரும் அதையே சொன்னார். கொப்புளம் வரவில்லை, மறுநாளே சிவப்பும் போய்விட்டது. ஆனால் அந்தப் பார்வை போகவில்லை.

இப்போது டியூப் தண்ணீரை முதலில் செம்பருத்தித் தொட்டியின் ஓரத்தில் விட்டு, என் மணிக்கட்டில் பட்டுக் குளிர்ந்த பிறகுதான் அவன் பக்கம் திருப்புகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஓமலூர்க்காரன்

படிக்கும்போதே வயிறு பிசைந்தது தங்கச்சி. நல்லவேளை, பையன் தப்பித்தான்.

என்னுடையது வேறு மாதிரி. மகளுக்கு இரண்டரை வயது, சித்திரையில் ஊருக்குப் போயிருந்தோம். எங்கப்பா நுங்கு வெட்டி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, சாப்பிட்ட காய் இரண்டை எடுத்து நடுவில் குச்சி சொருகி, கவட்டைக் குச்சி வைத்து வண்டி செய்தார். நம்மில் அதை ஓட்டாதவர் யார்? மகள் ஓட்டவே இல்லை. களத்துமேட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு சக்கரத்தை மட்டும் விரலால் சுற்றிக்கொண்டே இருந்தாள். நுங்கு எடுத்த பள்ளத்துக்குள் விரலை விடுவாள், எடுப்பாள், முகர்ந்து பார்ப்பாள். அரைமணி நேரம்.

அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "இப்படித்தான் சாமி" என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கவட்டையைப் பிடித்து அவரே ஓட ஆரம்பித்துவிட்டார். வேப்பமரம் வரைக்கும் போய்த் திரும்பினார். எழுபது வயதாகிறது. எங்கப்பா ஓடி நான் பார்த்ததே இல்லை. காட்டுக்குப் போவார், வருவார், அதட்டுவார், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த அப்பா. மூச்சு வாங்க வந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன். கூட ஓடியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

கோரிமேட்டு அப்பா

முதலில் எழுதிய சகோதரிக்கு: உங்களைக் குற்றம் சொல்லவில்லை, ஆனால் ஐந்து மணி என்பதே சீக்கிரம். நிழல் விழுந்துவிட்டால் மாடி ஆறிவிட்டதாக அர்த்தமில்லை. பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் இருட்டும் வரைக்கும் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். தரையில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லையென்றால் குழந்தையின் காலுக்கும் அது ஆகாது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பூங்காவின் சறுக்குமரத்தில். தகரச் சறுக்கு, மணி நாலரை. மகன் டிரவுசர் போட்டிருந்தான். பாதியில் தொடை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டான், கீழேயும் வரமுடியவில்லை, மேலேயும் ஏறமுடியவில்லை. கீழே நின்று "வாடா வாடா" என்று கை தட்டிக்கொண்டிருந்தவன் நான்தான். அந்தக் கைதட்டல்தான் எனக்கு உறுத்துகிறது.

எங்கள் வீட்டில் இப்போது என்ன வழக்கம் என்றால், காலையில் ஆறரையிலிருந்து எட்டரை, சாயங்காலம் ஐந்தரைக்கு மேல். நடுவில் வெளியே கிடையாது. ஒன்றிலிருந்து நாலு வயது வரை தினமும் மூன்று மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது. அதை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை, எல்லாமே வெயிலிலும் நடக்க வேண்டியதில்லை. திண்ணையில் தலையணை ஏறி இறங்கினாலும் கணக்குதான். சின்ன உடம்பு நம்மைவிடச் சீக்கிரம் சூடாகும், எடைக்குத் தோல் பரப்பு அதிகம், வியர்வை குறைவு. விளையாட்டு மும்முரத்தில் தாகம் என்று சொல்லவும் தெரியாது. கேட்காமலே கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்குக் கொடுங்கள். மூத்திரம் அடர் மஞ்சளாகப் போனாலோ, ரொம்ப நேரம் போகாமலே இருந்தாலோ தண்ணீர் போதவில்லை. பருத்திச் சட்டை, விளிம்பு வைத்த தொப்பி, செருப்பு. பவுடர் அப்பிவிட்டால் வேர்க்குரு வராது என்று நினைக்காதீர்கள். சோர்ந்து துவண்டு, உடம்பு கொதித்து, கூப்பிட்டால் சரியாகப் பார்க்கவில்லையென்றால், உடம்பை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முடிந்தால் ஒரு வாரம் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போய்விடுங்கள், அதுதான் நல்லது.

மலையேறி

ஏற்காட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. என் மகளுக்கு மூன்று வயது, ஏறுவதற்குள் மூன்று முறை வாந்தி. அதுவும் மே மாதக் கோடை விழாக் கூட்டம். அண்ணா பூங்காவில் பூ தெரியவில்லை, இடுப்புகள்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். 1,500 மீட்டர் உயரம், காற்று ஜில்லென்று இருக்கிறது என்று தொப்பியைக் கழற்றிவிட்டேன், அன்று ராத்திரி மூக்கும் கன்னமும் சிவந்துபோனது. மலை வெயில் சுடுவது தெரியாமலே சுடும்.

சரி, நான் எழுத வந்தது குரங்கைப் பற்றி. ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மதில் ஓரமாக நின்றிருந்தோம். அவள் கையில் பிஸ்கட். ஒரு குரங்கு மதிலிலிருந்து இறங்கி வந்து அவள் எதிரே உட்கார்ந்தது. இருவரும் ஒரே உயரம். பிடுங்கும், ஓடும் என்றுதான் நான் நினைத்தேன். அது பிடுங்கவில்லை. அவளுடைய மூடிய கையை எடுத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்தது. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். நிதானமாக. பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. நான் இரண்டடி தள்ளி நின்றேன், தொண்டையில் சத்தமே வரவில்லை. நகம் பட்டிருக்கிறதா என்று நூறு முறை பார்த்தேன், பட்டிருக்கவில்லை. பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு ரேபிஸ் ஊசிக்குப் போயிருக்க வேண்டும். ஒரு கீறல்தானே என்று விடக்கூடாது.

ஒரு மாதமாக அவள் தன் விரலைத் தானே பிரித்துப் பிரித்து விளையாடுகிறாள். "கொரங்கு மாமா இப்படிப் பண்ணுச்சு" என்கிறாள். அவளுக்குப் பயமே இல்லை, எனக்குத்தான் கை நடுங்குகிறது.

மலையில் அவளுக்கு உண்மையாகவே பிடித்தது காபித் தோட்டத்து வழியில் உதிர்ந்து கிடந்த சில்வர் ஓக் இலை. மேலே பச்சை, திருப்பினால் வெள்ளி. ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே வந்தாள். அதற்குக் காசும் இல்லை, கூட்டமும் இல்லை.

செவ்வாய்ப்பேட்டை

தண்ணீர்த் தொட்டி என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தம்பி மகன், ஒன்றரை வயது. வாசலில் வாளி. வாளியில் நாலு விரல் தண்ணீர், அதற்குமேல் இல்லை. துண்டு எடுக்க உள்ளே போனேன். துண்டு கொடியில் இல்லை, பீரோவில் இருந்தது, அந்த நேரம்தான். திரும்பி வந்தபோது வாளிக்கு வெளியே இரண்டு கால் மட்டும் நின்றன.

சத்தம் இல்லை. தண்ணீர் அடிக்கிற சத்தம்கூட இல்லை. இந்த வயதில் தலைதான் கனம், கவிழ்ந்தால் நிமிரத் தெரியாது. தூக்கியதும் இருமினான், அழுதான், ஆஸ்பத்திரியில் ஒருநாள் வைத்துப் பார்த்து நன்றாக இருக்கிறான் என்று அனுப்பினார்கள். தம்பி மனைவி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தொட்டி வையுங்கள், விளையாட விடுங்கள். ஆனால் கை எட்டுகிற தூரத்தில் உட்காருங்கள். துண்டை முதலிலேயே எடுத்து வையுங்கள். விளையாடி முடித்ததும் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

பனமரத்துப்பட்டி அம்மாயி

எல்லோரும் பயந்துபோய் எழுதுகிறீர்கள் கண்ணுகளா, பயம் நியாயம்தான். நான் மண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பேத்தி பெங்களூரில் அடுக்குமாடியில் வளர்கிறாள், இரண்டு வயது. காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிடப் பார்த்தேன். மண் வருகிறது என்று தெரிந்ததும் இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டாள். அந்தரத்தில் தொங்குகிறாள், காலை நீட்டவே மாட்டேன் என்கிறாள். மறுபடி இறக்கினேன், மறுபடி மடக்கினாள். என் மகள் இதே மண்ணில் புரண்டு வளர்ந்தவள். அவள் பெற்றது மண்ணைப் பார்த்துக் காலைத் தூக்குகிறதே என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

வற்புறுத்தவில்லை. நான் மட்டும் மாமரத்தடியில் உட்கார்ந்து கொட்டாங்குச்சியில் ஈரமண் அழுத்தி இட்லி கவிழ்த்தேன். முதல் நாள் என் மடியிலிருந்து பார்த்தாள். இரண்டாம் நாள் இட்லியை விரலால் குத்தினாள். மூன்றாம் நாள் மதியத் தூக்கம் முடிந்து எழுந்ததும் "இத்தி, இத்தி" என்று வாசலைக் காட்டினாள். அன்றைக்கு இறங்கிவிட்டாள். வேப்பம்பழத்தைச் சட்னி என்று மேலே வைத்துக் கொடுத்தேன், வாய்க்குப் போகாமல் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பூச்சி வரும், புழு வரும் என்பார்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்கள், ஒரு வயது முடிந்த பிள்ளைக்குப் பாதி, இரண்டு முடிந்தால் முழுசு. உடைத்துப் பொடி பண்ணித்தான் கொடுக்க வேண்டும். நகத்தை வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டால் மண் ஒன்றும் செய்யாது.

கோரிமேட்டு அப்பா

அம்மா, உங்கள் தோட்டத்து மண் சரி. டவுனில் வீடு கட்டத் தெருவில் கொட்டிய மணலில் பூனையும் நாயும் பின்னங்காலால் தோண்டிவிட்டுப் போவதை நான் தினமும் பார்க்கிறேன். அதில் வெறுங்காலோடு விடுவதை ஏற்கமாட்டேன். ஒரு பழைய டயருக்குள் நல்ல மணல் நிரப்பி, ராத்திரி சாக்குப் போட்டு மூடி வைத்தால் போதும். ஏற்காட்டைப் பற்றி மலையேறி சொன்னது சரிதான், கூட்டக் காலத்தை நான் யோசிக்கவில்லை. ஓமலூர் அண்ணா, அடுத்த சித்திரையில் கூட ஓடுங்கள்.

மாம்பழத்தெரு (அம்மாப்பேட்டை)

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். செவ்வாய்ப்பேட்டை அக்கா, உங்களுடையதைப் படித்ததும் எழுந்துபோய்த் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

நேற்று ஆறு மணிக்குக் கீழே வாசலில் விட்டேன். சுண்ணாம்பு அடிக்கிற பழைய மட்டையும் ஒரு சின்னச் சட்டியில் தண்ணீரும் கொடுத்தேன். மதில் சுவரில் பூசினான், கறுப்பாகக் கோடு விழுந்தது, அடுத்ததைப் பூசுவதற்குள் முதல் கோடு காய்ந்துபோனது. எங்கே போச்சு என்று சுவரைத் தடவித் தடவிப் பார்த்தான். மறுபடி பூசினான். சட்டியில் தண்ணீர் தீர்ந்ததும் டியூபை எடுத்தேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.