ஃபிளானன் தீவு விளக்கு: 110 அடிக்குக் கடல் ஏறுமா, ஏறாதா?

வள்ளக்காரன்:
பக்கத்துத் திரியில் கணக்கு சார் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார்: "110 அடிக்கெல்லாம் அலை வராது, மூன்று பேரும் தங்களுக்குள் அடித்துக்கொண்டு செத்திருப்பார்கள்." கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்க்க மட்டும் கடல் பக்கம் போகிறவருக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறதோ!

கதை தெரியாதவர்களுக்கு: ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக்கில் கிடக்கும் ஃபிளானன் தீவுகள். பெரிய தீவில் 1899 டிசம்பரில் கலங்கரை விளக்கு ஏற்றினார்கள். மறு வருடம் டிசம்பர் 26 அன்று மாற்று ஆளோடு கப்பல் போனால், காவலுக்கு இருந்த டுகாட், மார்ஷல், மெக்ஆர்தர் மூவரையும் காணோம். விசாரித்த அதிகாரி மியூர்ஹெட் எழுதியது இது: 15ஆம் தேதி மதியத்துக்கு மேல், மேற்குத் துறையில் கயிற்றுப் பெட்டியைப் பத்திரப்படுத்தப் போனவர்களைப் பேரலை கொண்டுபோய்விட்டது. பெட்டி இருந்த பாறை இடுக்கு கடலுக்கு மேல் 110 அடி. அந்தப் பெட்டியே அடித்துப் போயிருந்தது. இனி சார் பேசட்டும்.

கணக்கு சார்:
என் பெயரைச் சொல்லித் திரி திறந்ததற்கு நன்றி. வள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி. உங்கள் அலை அய்யன் நெஞ்சுக்கு வர வேண்டும். வராது. அப்புறம், மேசையில் பாதி தின்ற சாப்பாடு, கவிழ்ந்த நாற்காலி. இது சண்டை இல்லாமல் என்ன?

வள்ளக்காரன்:
ஓய், அந்தச் சாப்பாடும் நாற்காலியும் 1912இல் ஒருவர் எழுதிய கவிதையில் வந்தவை. முதலில் உள்ளே நுழைந்த ஜோசப் மூர், பாத்திரம் பண்டமெல்லாம் கழுவிச் சுத்தமாக இருந்தது என்றுதான் சொன்னார். அடுப்பு அணைந்து பல நாள் ஆகியிருந்தது. கடிகாரம் நின்றிருந்தது. நீர் வீடியோ பார்த்தீர், நான் அறிக்கையைப் படித்தேன். இன்னொன்றும் கேளும்: 200 அடி உயர விளிம்பில் புல்தரையே பிய்ந்து கிடந்ததாம். 110க்கே உமக்கு மூச்சு வாங்குகிறது.

தொடுவெட்டி:
சார், சிலை நிற்கிற பாறையின் உயரத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லையே. அய்யன் நேராகக் கடலிலிருந்தா முளைத்தார்? பெயர் மட்டும் கணக்கு சார்.

கணக்கு சார்:
பாறையைச் சேர்த்தாலும் 110 அடி 110 அடிதான். உங்கள் வேலையைப் பாருங்கள்.

தோவாளைப்பூ:
எனக்கு ஒரு சந்தேகம். அலையின் உயரம் வேறு, அலை பாறையில் மோதித் தண்ணீர் மேலே ஏறுகிற உயரம் வேறு இல்லையா? முட்டத்தில் இடுப்பளவு அலைகூடப் பாறை இடுக்குக்குள் புகுந்தால் தலைக்கு மேலே தெறிக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் எதைச் சொல்கிறீர்கள்?

கணக்கு சார்:
அம்மா, அலை என்றால் அலை. 110 அடி வராது.

வள்ளக்காரன்:
வரும். கள்ளக்கடல் என்று கேள்விப்பட்டிருக்கிறீரா? எங்கேயோ தெற்கே புயல், இங்கே கரையில் எழும்பும் கடல். ஒரு சித்திரை மாதம், காற்றே இல்லை, தென்னை ஓலை அசையவில்லை. அப்பா வலையைத் திண்ணையில் போட்டுப் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் தண்ணீர் சலசலத்தது. எழுந்திருப்பதற்குள் கயிற்றுச் சுருள் வாசலைத் தாண்டி ஓடுகிறது. அவர் கயிற்றைத்தான் பிடிக்கப் பாய்ந்தார். காசு கொடுத்து வாங்கினவனுக்குத்தான் தெரியும் கயிற்றின் அருமை. அந்த மூவரும் அதற்குத்தான் போனார்கள்.

கணக்கு சார்:
உங்கள் முற்றம் 110 அடி உயரத்திலா இருக்கிறது? மெக்ஆர்தரின் மழைக்கோட்டு கொக்கியிலேயே தொங்கியது. டிசம்பர் குளிரில் வெறும் சட்டையோடு எவன் வெளியே போவான்? அடி வாங்கி ஓடியவன் போவான்.

வள்ளக்காரன்:
கூட்டாளியைக் கடல் இழுக்கும்போது கோட்டுத் தேடுகிறவன் கடற்கரைக்காரன் இல்லை. மற்ற இரண்டு பேரின் கோட்டும் போயிருந்தது, அதை மட்டும் விட்டுவிட்டீரே. 2004இல் மணக்குடிப் பாலத்தையே கடல் பெயர்த்துப் போட்டதைப் பார்த்த ஊர் இது. இங்கே வந்து வராது, வராது என்று நிற்கிறீர்.

கணக்கு சார்:
அது சுனாமி. நான் அலையைப் பற்றிப் பேசுகிறேன்.

தொடுவெட்டி:
அது கைவிடப்பட்ட விளக்குதானே? ராத்திரி அங்கே போன யாராவது இருந்தால் சொல்லுங்கள், இந்த அடிக்கணக்கு போரடிக்கிறது.

வள்ளக்காரன்:
யார் கைவிட்டது? 1971இல் தானியங்கி ஆக்கினார்கள். ஆள்தான் இல்லை, விளக்கு இன்றைக்கும் எரிகிறது. போன மாதம் நெய்மீனும் வஞ்சிரமும் வேறு வேறு என்று சண்டை போட்ட ஆள்தானே நீ? உன்னிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

தொடுவெட்டி:
வேறுதான். ருசியே வேறு.

தோவாளைப்பூ:
இரண்டும் ஒரே மீன். நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வள்ளக்காரன்:
சார், ஞாயிற்றுக்கிழமை முட்டம் வாரும். பாறை மேல் நிற்க வைக்கிறேன். அப்புறம் பேசலாம்.

கணக்கு சார்:
ஞாயிறு ட்யூஷன் இருக்கிறது. 110 அடி வராது.

தொடுவெட்டி:
நெய்மீன் திரியைப் பூட்டியது யார்? அங்கே நான் இன்னும் முடிக்கவில்லை.