எடை குறைப்பு சர்ஜரி பண்ணவங்க, பண்ணலாமான்னு யோசிக்கறவங்க, உங்க அனுபவத்த எழுதுங்க

கோவை டீச்சர்:

இதப் பத்தி தமிழ்ல தேடுனா ஆஸ்பத்திரி விளம்பரம் வருது, இல்லன்னா பயமுறுத்தற வீடியோ வருது. ஆபரேஷன் முடிஞ்சு சில வருஷம் ஆனவங்க காலைல என்ன சாப்பிடறாங்க, விசேஷ வீட்ல என்ன பண்றாங்க, மாத்திரை எத்தன நாளைக்குன்னு எழுதறவங்க ரொம்ப கம்மி. அதனால நானே ஆரம்பிக்கறேன்.

எனக்கு 2021ல ஸ்லீவ்ங்கற இரைப்பைய சின்னதாக்கற ஆபரேஷன் பண்ணாங்க. அப்ப 118 கிலோ, உயரம் அஞ்சடி ரெண்டு அங்குலம். காலேஜ் முடிச்சதுல இருந்தே டயட்டுதான், பேலியோ, கொள்ளுக்கஞ்சி, ஜிம், எது பண்ணாலும் பத்து கிலோ குறையும், அடுத்த வருஷமே பதினஞ்சா திரும்பி வரும், சொந்தக்காரங்க எல்லாம் வாயக் கட்டுன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருவாங்க. ஆனா என்னை முடிவெடுக்க வெச்சது எடை இல்லீங்க, தூக்கம். போர்டுல எழுதிட்டு இருக்கும்போதே கண்ணு சொருகும், ராத்திரி குறட்டை நடுவுல மூச்சு நின்னு போறதப் பாத்து வீட்டுக்காரர் பயந்து எழுப்பி விடுவாரு. ஸ்லீப் ஸ்டடி எடுத்ததுல ஸ்லீப் ஏப்னியா, அதுவும் சிவியர்னு வந்துச்சு. அந்த ரிப்போர்ட்டப் பாத்துதான் டாக்டர் முதல்முறையா சர்ஜரி பத்திப் பேசுனாரு. எடை குறைஞ்சா உடம்பு சும்மா இருக்காதும்மா, பசிய ஏத்தும், செலவு பண்ற கலோரியக் குறைக்கும், பழைய எடைக்குப் போகத்தான் பாக்கும், இது உங்க மனசு பலவீனம் இல்லன்னு அவரு சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. அது வரைக்கும் யாருமே அப்படி சொன்னதில்ல.

ஸ்லீவ்ல இரைப்பைல முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துடறாங்க, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய்தான் மிச்சம் இருக்கும். கிரெலின்னு ஒரு பசி ஹார்மோன் நிறைய சுரக்கற இடமும் வெட்டற பகுதியோடயே போயிடும், அதனால இடம் கம்மி ஆகறதோட பசியும் கம்மி ஆகும். வெட்டுனத திரும்ப ஒட்ட முடியாது, அத நல்லா யோசிச்சுக்கங்க.

இன்சூரன்ஸ் பத்தி சொல்லணும். நம்ம நாட்டு பாலிசிகள்ல பொதுவான விதி என்னன்னா 18 வயசு ஆகியிருக்கணும், பிஎம்ஐ (எடையயும் உயரத்தயும் வெச்சுப் போடற கணக்கு) 40ஓ அதுக்கு மேலயோ இருக்கணும், இல்லன்னா 35க்கு மேல இருந்து கூடவே இதய நோய், கடுமையான ஸ்லீப் ஏப்னியா, கட்டுப்படாத சுகர் மாதிரி ஏதாவது இருக்கணும், மத்த வழியெல்லாம் பாத்தும் குறையலன்னு டாக்டர் எழுதித் தரணும். எனக்கு இது எல்லாமே இருந்தும் அழகு சிகிச்சைன்னு சொல்லி மொதல்ல ரிஜெக்ட் பண்ணாங்க, ஸ்லீப் ஸ்டடியயும் பழைய டயட் சீட்டெல்லாம் சேத்து திரும்ப அனுப்புனதுக்கப்புறம்தான் பாஸ் ஆச்சு. அதனால எந்த சீட்டையும் தூக்கிப் போடாதீங்க. ஆனா சர்ஜன்களோட சர்வதேச சங்கங்க 2022லயே ஆசியாக்காரங்களுக்கு பிஎம்ஐ 27.5ல இருந்தே சர்ஜரி பத்தி யோசிக்கலாம்னு சொல்லிட்டாங்க, ஏன்னா நமக்குக் கம்மி எடைலயே சுகர் வந்துடுது. இன்சூரன்ஸ் இன்னும் 35, 40லயே நிக்குது, இந்த விதி மாறணும்னு நான் மனசார நெனைக்கறேன்.

ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் திரவ டயட், கல்லீரல் சுருங்கணும், இல்லன்னா இரைப்பைய மறைச்சுக்கும்னு சொன்னாங்க. முடிஞ்சதும் வலி வயித்தவிட தோள்பட்டைல ஜாஸ்தி இருந்துச்சு, வயித்துக்குள்ள அடைச்ச கேஸால அப்படித்தான் இருக்குமாம், அன்னிக்கு சாயங்காலமே எழுப்பி நடக்க வெச்சாங்க. அப்புறம் வாரக்கணக்கா சின்ன மருந்து மூடில தண்ணி, தெளிஞ்ச ரசம், பருப்புத் தண்ணி, மோர், புரோட்டீன் பவுடர், அப்புறம் மசிச்சது, அப்புறம் குழைவா.

இனிமேதான் முக்கியமான விஷயம். நம்ம சாப்பாடு முழுக்க சோறும் மாவும்தான், இந்த வயிறு கேக்கறது புரோட்டீன், ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேணும். மொதல்ல முட்டை, மீன், கோழி, பன்னீர், சுண்டல், அப்புறம் காய், இடம் இருந்தா கடைசில ரெண்டு வாய் சோறு. சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான். டம்ளரப் பக்கத்துல வெச்சுக்கிட்டே வளந்த நமக்கு இது எவ்ளோ கஷ்டம்னு பண்ணிப் பாத்தாதான் தெரியும். ஒரு கல்யாணத்துல பெரியம்மா ஆசையா பக்கத்துல உக்காந்து, என்ன கண்ணு இலைய அப்படியே வெச்சிருக்க, எங்க வீட்டு சாப்பாடு புடிக்கலயான்னு கேட்டுட்டாங்க. அவங்க மொகம் வாடுனதப் பாத்து எனக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு. இப்ப நான் விசேஷத்துக்குப் போனா முன்னாடியே விசேஷ வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிடறேன், குழந்தைங்க இலைல ஒரு ஓரமா வாங்கிக்கறேன்.

நாலாவது மாசம் முடி கொத்து கொத்தா கொட்டுச்சு, ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப மொளைச்சுருச்சு. பித்தப்பைல கல்லு வராம இருக்க ஆறு மாசம் மாத்திரை குடுத்தாங்க. மல்டிவிட்டமின், கால்சியம் சிட்ரேட், டி, இரும்பு, பி12 இதெல்லாம் ஆயுசு முழுக்க. 74 வரைக்கும் எறங்கி இப்ப 81ல நிக்கறேன். முறுக்கு, மிக்சர், பிஸ்கட், ஐஸ்கிரீம் எல்லாம் வயித்துல இடமே புடிக்காம எறங்கிடும், ரெண்டு துண்டு கோழி போதும்னு நிறுத்திடற அதே வயிறு இதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்லாது, எடை திரும்பறது பெரும்பாலும் அந்த வழியாத்தான். ஆனா ஸ்லீப் ஏப்னியாவுக்காக ராத்திரில மாட்டற சிபாப்ங்கற மூச்சு மெஷின் இல்லாம தூங்கறேன். எனக்கு அது போதும்.

மதுரைக்காரர்:

டீச்சர் எழுதுனது அம்புட்டும் உண்மை. நான் எடைக்காக போகல, சுகருக்காகப் போனேன். பதினஞ்சு வருஷ சுகர், காலைல 40 யூனிட் ராத்திரி 30 யூனிட் இன்சுலின் போட்டும் ஹெச்பிஏ1சி, அதேன் மூணு மாச சராசரி சுகர், பத்துக்கு கீழ எறங்கல, பிஎம்ஐ 36. எங்கப்பாவுக்கு சுகர்னால கால் எடுத்தத வீட்ல இருந்து பாத்தவன் நான், அதனால பைபாஸ் பண்ணிக்கங்கன்னு சொன்னதும் ரொம்ப யோசிக்கல.

பைபாஸ்னதும் ஊர்ல எல்லாரும் ஹார்ட்டுக்கான்னுதேன் கேட்டாங்க. இது வேற. இரைப்பைல மேல சின்னதா ஒரு பை மட்டும் பிரிச்சு அத நேரா குடலோட இணைச்சுடறாங்க, சாப்பாடு மீதி இரைப்பையும் சிறுகுடலோட மொத பகுதியும் தொடாம போகும். என்ன ஆச்சரியம்னா எடை குறையறதுக்கு முன்னாடியே, ஆஸ்பத்திரில இருக்கறப்பவே இன்சுலின் பாதிக்கு மேல குறைஞ்சுருச்சு, வீட்டுக்கு வந்து ஒரு மாசத்துல நிறுத்திட்டாங்க. குடல்ல இருந்து வர்ற ஹார்மோன் மாறுறதாலன்னு டாக்டர் வெளக்கம் சொன்னாரு. அதே டாக்டர்தான் சுகர் வந்து கொஞ்ச வருஷத்துலயே வந்திருந்தா முழுசா போகறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி, ஒங்களுக்கு கணையம் ரொம்ப களைச்சுப் போச்சு, திரும்ப கொஞ்சம் வரலாம்னும் சொன்னாரு. அவர் சொன்ன மாதிரியே இப்ப ஒரு மெட்ஃபார்மின் மாத்திரை ஓடுது, ஹெச்பிஏ1சி 6.8. இன்சுலின் ஊசிய இது வரைக்கும் திரும்ப எடுக்கல.

பைபாஸ் பண்ணவங்க இனிப்புல ரொம்ப சாக்கிரதையா இருக்கணும். ஒரு தடவ ஜிகர்தண்டா அரை கிளாஸ் குடிச்சேன், கால் மணி நேரத்துல நெஞ்சு படபடன்னு அடிச்சு வேர்த்து ஊத்தி வயித்தால போயி அப்படியே சுருண்டு படுத்துட்டேன், டம்பிங்னு சொல்றாங்க. அப்புறம் மூட்டு வலின்னு போனா டைக்ளோபெனாக் மாதிரி வலி மாத்திரைய எழுதிடுறாங்க, அது நமக்கு ஆகாது, இணைச்ச எடத்துல புண்ணு வந்துடும். எந்த டாக்டர்கிட்ட போனாலும், பல் டாக்டரா இருந்தாலும், மொத வார்த்தையா பைபாஸ் பண்ணிருக்கேன்னு சொல்லிப் பழகுங்க. சிகரெட்டும் அதே கதைதேன். தண்ணியடிக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன், முன்ன மாதிரி கணக்குப் போடாதீங்க, ரத்தத்துல சட்டுனு ஏறிடும்.

லண்டன் அக்கா:

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டன்ல இருக்கிறன். இங்க என்எச்எஸ் எண்ட அரசாங்க மருத்துவ சேவையில காசு கட்டத் தேவையில்லை, ஆனா பொறுமை வேணும். ஜிபி, அதாவது குடும்ப டொக்டர், அனுப்பினவுடனை கத்தி வைக்க மாட்டினம், முதல்ல எடை பராமரிப்பு கிளினிக் ஒண்டில மாதக்கணக்கா டயட்டீஷியன், சைக்கொலொஜிஸ்ட் எல்லாரையும் பாக்க வேணும், அதுக்குப் பிறகுதான் சர்ஜன். தெற்காசிய ஆக்களுக்கு பிஎம்ஐ எல்லையை 2.5 குறைச்சுப் பாக்க வேணும் எண்டு இங்கத்தை வழிகாட்டியிலயே இருக்கு, அதைத் தெரிஞ்சு வைச்சிருந்து கேளுங்கோ.

எனக்கும் ஸ்லீவ்தான் செய்ய வேணும் எண்டு ஆசை, குடலைத் தொட மாட்டினம் எண்டதால. ஆனா எனக்கு முந்தியே நெஞ்செரிச்சல் கூட, படுத்தா புளிச்சு மேல வரும். எண்டொஸ்கொப்பி பாத்திட்டு சர்ஜன், ஸ்லீவ் செய்தா இது இன்னும் கூடும், பைபாஸ்தான் உங்களுக்குச் சரி எண்டு சொன்னவர். செய்து முடிய எரிச்சல் நிண்டுட்டுது.

சாப்பாட்டில எனக்குப் பெரிய கவலை புட்டுத்தான். ரெண்டு வாய் வைச்சவுடனை நெஞ்சுக்க அடைச்சுக் கொண்டு நிக்கும், எச்சில் ஊறும், எழும்பிப் போய் சத்தி எடுத்தாத்தான் சரிவரும். இடியப்பம் சொதியோட நல்லா ஊறினா கொஞ்சம் இறங்கும். மீன், முட்டை பிரச்சினை இல்லை.

நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பித்தப்பை ஒப்பரேஷன் எண்டுதான் சொன்னது, அம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். ஆக்கள் கதைக்கிறதைத் தாங்கிற நிலமையில நான் அப்ப இல்லை, அது என்ர உடம்பு, என்ர விஷயம். சொல்லுறவை சொல்லட்டும், சொல்லாமல் இருக்கிறதும் சரிதான். தோல் தொங்குறது ஒண்டுதான் மனசுக்குக் கஷ்டம், அதை எடுக்கிறதுக்கு இங்க லேசில அனுமதி கிடைக்காது. இன்னொண்டு, பிள்ளை பெற யோசிக்கிற ஆக்கள் ஒரு வருஷம், ஒண்டரை வருஷம் பொறுக்க வேணும், ஆனா எடை குறைய கரு தங்கிற வாய்ப்புக் கூடும், அதால அந்த நேரத்துக்கு தடுப்பு முறை கட்டாயம்.

சேலம் தம்பி:

நான் வேண்டாம்னு முடிவு பண்ணவன், அதயும் எழுதலாம்ல. பிஎம்ஐ 33, சுகர் ஆரம்பம். சர்ஜனப் பாத்து, டெஸ்ட் எல்லாம் எடுத்து, தேதி கேக்கற வரைக்கும் போயிட்டேன். சின்ன வயசுல இருந்தே கஷ்டம் வந்தா சாப்பாட்டுலதான் ஆறுதல் தேடுவேன், அத சைக்காலஜிஸ்ட்கிட்ட பேசுனப்ப அவங்க இத மொதல்ல சரி பண்ணிட்டு சர்ஜரிக்கு வாங்கன்னு நேர்மையா சொன்னாங்க, அவங்களுக்கு நான் நன்றி சொல்லணும். 2025 மார்ச்ல மவுஞ்சாரோங்கற சுகர், எடை குறைப்பு ஊசி இந்தியாவுக்கு வந்ததும் டாக்டர் அத ஆரம்பிச்சாரு. குமட்டலும் மலச்சிக்கலும் இருக்கு, எடையும் நல்லாவே குறையுது, தலைக்குள்ள ஓயாம ஓடிட்டு இருந்த சாப்பாட்டு நெனப்பு அமைதியாயிருச்சு. ஆனா மாசாமாசம் ஆகற செலவு பெருசு, நிறுத்துனா எடை திரும்பறது பெரும்பாலானவங்களுக்கு நடக்குதுன்னு தெரிஞ்சுதான் போட்டுட்டு இருக்கேன். பின்னாடி சர்ஜரி தேவைப்பட்டா அதுக்கும் தயங்க மாட்டேன்.

திருச்சில இருந்து ஒரு மகள்:

எங்கம்மாவுக்கு 54 வயசு, 109 கிலோ, முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. முட்டி ஆபரேஷனுக்கு முன்னாடி எடைய குறைக்கச் சொல்றாங்க. அம்மா தயாராத்தான் இருக்காங்க, அப்பாதான் 2024ல சென்னைல இந்த ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரி பையன் எறந்துட்டான்னு டிவில வந்தத சொல்லி சொல்லி தடுக்கறாரு. அவர் பயமும் நியாயம்தானே, என்ன பதில் சொல்றது?

கோவை டீச்சர்:

உங்கப்பா பயம் ரொம்ப நியாயமானதும்மா, அத தட்டிக் கழிக்காதீங்க. அந்த செய்தி பாத்துட்டு நானும் அன்னிக்கு தூங்கல. அப்பாவயே கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்ட நேரா கேக்கச் சொல்லுங்க. அங்க ஐசியு இருக்கா, ராத்திரில அவசரம்னா யாரு வருவாங்க, மயக்க டாக்டர் முன்கூட்டியே அம்மாவப் பாப்பாங்களா, இதயம் நுரையீரல் டெஸ்ட் எல்லாம் எடுப்பாங்களா, இதே ஆபரேஷன் அந்த சர்ஜன் எவ்ளோ பண்ணிருக்காரு, வெட்டித் தைச்ச எடத்துல கசிவு வந்தா எப்படி சமாளிப்பாங்க, இதுக்கெல்லாம் முகம் சுளிக்காம பதில் சொல்றாங்களான்னு பாருங்க. கேள்வி கேட்டா கோவப்படற இடமோ, இந்த வாரத்துக்குள்ள பண்ணா தள்ளுபடின்னு சொல்ற இடமோ வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததுக்கப்புறம் மொத சில வாரம் நீங்கதான் கவனிக்கணும். நாடித்துடிப்பு 120 தாண்டறது, காய்ச்சல், வயித்து வலி கூடிட்டே போறது, மூச்சுத் திணறல், கால் ஒரு பக்கம் வீங்கறது, இதுல எது வந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, உடனே கெளம்புங்க. விடாம வாந்தி வந்துட்டே இருந்தா பி1 சத்து கொறைஞ்சு நரம்பு பாதிக்கும், கால் மரத்துப் போறது, நடை தள்ளாடறது, ரெண்டு ரெண்டா தெரியறது இதெல்லாம் அதோட அறிகுறி, அதுக்கு ஊசி போட்டே ஆகணும், சும்மா குளுக்கோஸ் மட்டும் ஏத்திட்டு அனுப்புனா ஒத்துக்காதீங்க.

அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் இருக்கான்னு எழுதலயே. எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட் வந்ததும் அதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க, ஸ்லீவா பைபாஸான்னு சர்ஜன்கிட்ட என்னென்ன கேக்கணும்னு லண்டன் அக்காவும் சேந்து சொல்லுவாங்க.