சன்னல் இடுக்குக் குளிர்காற்றுக்கு ஒரு சொல் வேண்டும்

பாளையங்கோட்டை:
வணக்கம். டொராண்டோவில் இருக்கும் தமிழ் முதியவர்களுக்காக, குளிர்காலத்தில் வீட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்வது பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சாத்திய சன்னலின் இடுக்கில் நுழையும் குளிர்காற்றை 'டிராஃப்ட்' என்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அதைத் தடுக்கச் சட்டத்தில் ஒட்டும் 'வெதர்ஸ்ட்ரிப்'புக்கும் பெயர் வேண்டும். 'காற்றுக்கசிவு' என்று போட்டேன். கேஸ் கசிவு மாதிரி பயமுறுத்துகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

செங்கோட்டை:
நம்மிடமே சொல் இருக்கிறதே தம்பி. சாரல் காலத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருவதை இங்கே என்ன சொல்கிறோம்? "ஊதக்காத்து அடிக்கி, சன்னலச் சாத்து" என்றுதானே? சங்கப் பாட்டில் வரும் 'ஊதை'யும் குளிர்காற்றுதான். 'ஊதல்' என்றே போடுங்கள்.

நெல்லை நகர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஊதை வெட்டவெளியில் அடிப்பது. இடுக்கில் நுழைவதற்குத் தனிச்சொல் வேண்டும். 'கால்' என்றால் காற்று; காற்று வரும் அதர், அதாவது வழி, 'காலதர்'. சிலப்பதிகாரம் 'மான்கண் காலதர்' என்கிறது. போர்த்துக்கீசியர் தந்த சன்னலை விட்டுவிட்டு இதை ஏன் எடுக்கக் கூடாது? இடையில் நுழையும் கால் 'இடைக்கால்' ஆகும். சட்டத்தில் ஒட்டும் பட்டைக்குப் பெயர் தேட, சங்கப் பாட்டான நெடுநல்வாடைக்குப் போக வேண்டும். கூதிர் என்னும் குளிர்பருவத்தில், தென்றல் தரும் சாளரத்தின் 'போர்வாய்க் கதவம்' தாழிட்டுக் கிடக்கிறது. இங்கே 'போர்' சண்டை அல்ல, பொருந்துதல். இரண்டு கதவும் பொருந்தும் வாயில் ஒட்டுவது 'போர்வாய்ப் பட்டை'. இதைவிடப் பொருத்தமாக யார் சொல்லிவிட முடியும்?

தென்காசி:
ஐயா, இடைகால் என்றால் எங்களுக்குப் பக்கத்து ஊர்!

வண்ணார்பேட்டை, கட்டடப் பொறியாளர்:
சொல்லுக்கு முன் பொருளைப் பிரித்துக்கொள்வோம் அண்ணாச்சி. ஒன்று, இடுக்கு வழியாக உண்மையிலேயே வெளிக்காற்று நுழைவது. சூடான காற்று மேலேறி மாடி இடுக்குகளில் வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் கீழே குளிர்காற்று இழுபடுகிறது. ஊதுபத்தியை ஏற்றிச் சட்டத்தோரம் பிடித்தால் புகை அலைந்து காட்டிக்கொடுக்கும். இன்னொன்று, ஓட்டையே இருக்காது. ஒற்றைக் கண்ணாடி சில்லிட்டு, அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் இரண்டாவதற்குப் பட்டை ஒட்டிப் பயனில்லை. கனத்த திரையோ, கண்ணாடிமேல் பிளாஸ்டிக் தாளோ வேண்டும். அதனால் 'ஊதல்' உணர்வுக்கு, 'கசிவு' காரணத்துக்கு. கசிவை விட்டுவிடாதீர்கள். பட்டையும் திறந்து மூடும் இடத்துக்கு மட்டும்தான். அசையாத மூட்டில், ஆசாரிகள் மரத்தின் இடுக்கில் அப்பும் 'மக்கு' போல அடைக்கும் பசை வேண்டும். கேஸ் அடுப்போ ஹீட்டரோ எரிகிற வீட்டில், காற்று வருவதற்கென்றே வைத்த துளையை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கி உயிருக்கே ஆபத்து. இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

டொராண்டோ, சொந்த ஊர் அம்பாசமுத்திரம்:
இங்கே படிக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் ஈழத்துப் பெரியவர்கள். அவர்களுக்கு அது 'யன்னல்'. காலதர் யாருக்கும் புரியாது. 'போர்வாய்' வேண்டவே வேண்டாம் ஐயா. சங்கப் பொருள் எதுவானாலும், 'போர்' என்று எழுதிய காகிதத்தை அவர்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா சொல்வது சரி. போர்வாயை எடுத்துவிடுங்கள். ஆனால் 'ஊதல்' என்றால் பீப்பி ஊதுவதும்தானே? 'இடுக்கூதல்' என்றால் ஐயத்துக்கே இடமில்லை. கையேட்டில் போடாவிட்டாலும் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க வேண்டும். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

பாளையங்கோட்டை:
நேரமில்லை. 'ஊதல் காற்று', 'யன்னல் பட்டை' என்று அனுப்புகிறேன், நால்வருக்கு ஒப்புதல். ஓட்டை வழியாக வருகிற இடங்களில் மட்டும் கசிவு இருக்கும். ஐயாவின் இடுக்கூதல் பட்டியலில் மாற்றுச்சொல்லாக நிற்கட்டும். அப்புறம், அந்த அடைக்கும் பசை. 'மக்கு' ஆசாரிகளுக்குத் தெரியும். மற்றவர்கள் யாரையோ திட்டுவதாக நினைப்பார்களோ? நாளை மதியத்துக்குள் வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.

செங்கோட்டை:
மக்கு என்றே இருக்கட்டும். தொழிலில் உள்ள சொல்லை நாம் ஏன் ஒதுக்க வேண்டும்?